மூன்று விரல் தளர்வு: குழந்தையின் கார் இருக்கை வார்களைப் புரிந்துகொள்ள

அறுவடைக் காலத்தில் கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குக் காரில் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சாலையின் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருக்கும். அதன் விளிம்பில் கருங்கற்களும் தென்னை மட்டைகளும் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். எதிரே பேருந்து வரும்போது நெல்லின் மேல் ஏற மனம் வராது, பேருந்துக்கு ஒதுங்காமலும் இருக்க முடியாது. ஆகவே கால் தானாக பிரேக்குக்குப் போகும். சென்ற தை மாதத்தில் அப்படி ஒருமுறை நிறுத்தியபோது, பின்னால் தன் இருக்கையில் அமர்ந்திருந்த என் இரண்டரை வயது மகள் தோள்வாரிலிருந்து ஒரு கையும் தோளும் நழுவி, பக்கவாட்டில் சரிந்து தொங்கினாள். வேகம் முப்பதுக்கும் குறைவு என்பதால் அடி ஏதும் இல்லை. பக்கிள் பூட்டியபடியே இருந்தது. இருக்கையும் இம்மி அசையவில்லை. வார் மட்டும் தளர்ந்திருந்தது. கிளம்பும்போது பூட்டியவன் நான்தான்.

குழந்தைக்கான கார் இருக்கையை வாங்கிப் பொருத்திவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் இருக்கை என்பது குழந்தையைச் சுற்றி நிற்கும் கெட்டியான ஓர் ஓடு. அதைக் காரோடு பிணைப்பது காரின் பெல்ட், அல்லது காரிலேயே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளில் மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி. குழந்தையை அந்த ஓட்டோடு பிணைப்பது வார்கள். முதல் பிணைப்பை ஒருமுறை சரியாகச் செய்துவிட்டு அவ்வப்போது ஆட்டிப் பார்த்தால் போதும். பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டும்போது இருக்கை 2.5 சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது என்பது அதற்கான அளவு. இரண்டாவது பிணைப்பு அப்படிப்பட்டதன்று. குழந்தை வளர்கிறது, உடை மாறுகிறது, பூட்டுகிற கையும் மாறுகிறது. ஆகவே ஒவ்வொரு பயணத்திலும் அதைப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது பிணைப்பைப் பற்றியது மட்டுமே.

இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான சிறு குழந்தை இருக்கைகளில் ஐம்முனை வார் இருக்கும். தோள்களின் மேலாக இரண்டு, இடுப்பின் இருபுறமும் இரண்டு, தொடைகளுக்கு நடுவே ஒன்று என ஐந்து இடங்களிலிருந்து புறப்படும் வார்கள் வயிற்றுக்குக் கீழே ஒரு பக்கிளில் வந்து சேர்கின்றன. இந்த அமைப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. மோதலின்போது உடலைப் பிடித்து நிறுத்தும் விசை எங்காவது தாங்கப்பட்டாக வேண்டும். அதைத் தாங்கும் வலு தோள்பட்டைக்கும் இடுப்பெலும்புக்கும் உண்டு, வயிற்றுக்கும் கழுத்துக்கும் கிடையாது. ஐந்து வார்களும் அந்த வலுவான எலும்புகளின் மேல் கிடக்கும்படி வைப்பதுதான் வடிவமைப்பாளரின் நோக்கம். நடுவார் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அது இல்லாவிட்டால் குழந்தை இடுப்பு வாருக்கு அடியில் வழுக்கிக் கீழே இறங்கிவிடும்; அப்போது இடுப்பில் இருக்க வேண்டிய வார் வயிற்றின் மேல் ஏறிவிடும்.

தஞ்சை வட்டாரத்தில் வார் என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு முதலில் மிருதங்கம்தான் நினைவுக்கு வரும். இரண்டு தலைகளுக்கும் நடுவே இழுத்துக் கட்டிய தோல்வாரில் ஒன்று தளர்ந்தாலும் சுருதி நிற்காது என்பது எங்கள் பக்கத்தில் வாத்தியம் தெரியாதவர்களுக்கும் தெரிந்த சங்கதி. குழந்தை இருக்கையின் வாரும் இழுவிசையால் மட்டுமே வேலை செய்கிறது. தளர்ந்து கிடக்கும் வார், அது எவ்வளவு உறுதியான நாடாவால் ஆனதாக இருந்தாலும், அந்தக் கணத்தில் இல்லாத வாரே.

இனி எல்லா விதிகளுக்கும் அடிப்படையான ஒன்றைப் பார்த்துவிடலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர். அந்த வேகத்தில் போகும் கார் எதிலோ மோதி, பத்தில் ஒரு நொடியில் முற்றாக நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். காரோடு சேர்த்து, 10 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையையும் அதே நேரத்துக்குள் நிறுத்தத் தேவைப்படும் விசை, சுமார் 170 கிலோ பாரத்தைத் தாங்குவதற்குச் சமம். நெல் கொள்முதல் நிலையத்தில் தைத்து அடுக்கும் 40 கிலோ சிப்பங்கள் நான்குக்கும் மேல். மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லும் தாயின் அன்பில் குறை இல்லை. ஆனால் நான்கு சிப்பத்தைக் கைகளால் தடுத்து நிறுத்த எவராலும் முடியாது. பெரியவரும் மடியில் உள்ள குழந்தையும் ஒரே பெல்ட்டுக்குள் இருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் பின்னாலிருந்து வரும் பெரியவரின் எடையும் சேர்ந்து குழந்தையைப் பெல்ட்டோடு நசுக்கும்.

இப்போது அதே கணக்கில் தளர்வைச் சேர்த்துப் பார்க்கலாம். வாருக்கும் உடலுக்கும் நடுவே 5 சென்டிமீட்டர் தளர்வு இருக்கிறது. மூன்று விரல்களைச் சேர்த்து வைத்தால் ஏறத்தாழ அந்த அகலம் வரும். கார் நிற்கத் தொடங்கிவிட்டது, ஆனால் குழந்தையின் உடலை இன்னும் எதுவும் பிடிக்கவில்லை. அது பழைய வேகத்திலேயே முன்னால் போகிறது. அந்த 5 சென்டிமீட்டரைக் கடந்து வாரில் போய் விழும்போது, வாருக்கும் குழந்தைக்கும் இடையிலான வேக வித்தியாசம் மணிக்கு 15 கிலோமீட்டரை ஒட்டி வந்துவிடுகிறது. அதாவது மென்மையாகப் பிடித்து நிறுத்த வேண்டிய வார், அறையும் வாராக மாறிவிடுகிறது. வைக்கோல் ஏற்றிய வண்டியில் கயிற்றை ஏன் காலை ஊன்றி இழுத்துக் கட்டுகிறார்கள் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: கட்டு தளர்ந்தால் பாரம் குதிக்கும், குதிக்கத் தொடங்கிய பாரத்தைக் கயிறு பிடிக்காது. பின்வரும் செய்திகள் அனைத்தும் இந்த ஒன்றின் கிளைகள். உடலுக்கும் வாருக்கும் நடுவே இடைவெளி உண்டாக்கும் எதுவாக இருந்தாலும், அது துணியாகட்டும், முறுக்காகட்டும், தவறான துளையாகட்டும், அதை நீக்க வேண்டும்.

தோள்வார் எந்த உயரத்தில்?

புதிதாக இருக்கை வாங்கியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான், ஏனென்றால் இதற்கு ஒரே விடை இல்லை. குழந்தை எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து விடை தலைகீழாக மாறும்.

பின்நோக்கிய இருக்கையில், அதாவது குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்த்திருக்கும் அமைப்பில், தோள்வார் முதுகுப் பலகையிலிருந்து வெளியே வரும் துளை குழந்தையின் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழாகவோ இருக்க வேண்டும். முன்நோக்கிய இருக்கையில் அதே துளை தோளுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும். காரணம் தெரிந்துவிட்டால் இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முன்புற மோதலில் எல்லாமே காரின் முன்பக்கம் நோக்கிப் பாய்கின்றன. பின்நோக்கி அமர்ந்த குழந்தை அப்போது முதுகுப் பலகையில் அழுந்தி, சாய்ந்திருக்கும் அந்தப் பலகையின் மேலாக, தலைப்பக்கம் வழுக்கி ஏறப் பார்க்கும். கீழிருந்து வரும் வார் தோளைக் கீழ்நோக்கிப் பிடித்து அந்த ஏற்றத்தைத் தடுக்கிறது. வார் தோளுக்கு மேலிருந்து வந்தால், இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் முழுவதும் குழந்தை ஏறிய பிறகுதான் அது பிடிக்கும். முன்நோக்கி அமர்ந்த குழந்தையோ பலகையை விட்டு முன்னால் பாயும். அப்போது வார் தோளுக்குக் கீழிருந்து புறப்பட்டு தோளைச் சுற்றி வந்தால், பிடிக்கும்போது தோளைக் கீழ்நோக்கி இழுத்து முதுகெலும்பை அமுக்கும். தலையும் கூடுதல் தூரம் முன்னால் போகும். ஆகவே அங்கே மேலிருந்து வர வேண்டும்.

பின்நோக்கி வைப்பதே நம் வீடுகளில் பலருக்குப் பிடிப்பதில்லை. குழந்தை யாரையும் பார்க்க முடியாமல் அழும், கால் மடங்கியிருக்கிறதே என்பார்கள். பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தலைதான். கழுத்து எலும்புகள் முழுதாகக் கெட்டிப்படவும் இல்லை. அந்தத் தலை முன்னால் வெட்டி இழுக்கப்படும்போது கழுத்து தாங்காது; பின்நோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு ஆகிய மூன்றும் ஒன்றாகப் பலகையில் பதிந்து விசையைப் பகிர்ந்துகொள்ளும். விண்வெளி வீரர்கள் முதுகில் விசையைத் தாங்குமாறு படுத்துச் செல்வதைக் கவனித்த ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பெர்டில் ஆல்ட்மான், 1964-ஆம் ஆண்டில் இந்த வகை இருக்கையின் முதல் மாதிரியை உருவாக்கினார். குழந்தை இருக்கைகளுக்கான ஐரோப்பாவின் ஆர்129 பாதுகாப்பு விதி குறைந்தது 15 மாதம் வரை பின்நோக்கியே வைக்கச் சொல்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2018-இல் ஒரு படி மேலே போய், இருக்கையின் எடை, உயர வரம்பு இடங்கொடுக்கும் வரையில் பின்நோக்கி வைப்பதே நல்லது என்று பரிந்துரைத்தது. கால் மடங்குவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நம் குழந்தைகள் திண்ணையில் சம்மணமிட்டு உட்கார்வதைவிட அது ஒன்றும் கடினமில்லை. ஒரே ஒரு கட்டாயம்: முன் ஏர்பேக் இயங்கும் நிலையில் உள்ள முன்னிருக்கையில் பின்நோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்கக் கூடாது. விரியும் ஏர்பேக் குழந்தையின் தலைக்குப் பின்னே உள்ள பலகையையே அறையும்.

துளையின் உயரத்தைக் கண்ணளவில் பார்ப்பது போதாது. குழந்தையை உட்கார வைத்து, பிட்டமும் முதுகும் பலகையில் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றைத் தோளின் மேல் படுக்கையாக வைத்துப் பலகை வரை நீட்டினால் துளை மேலா கீழா என்பது தெரிந்துவிடும். பிறந்தபோது ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் இருக்கும் குழந்தை முதல் ஆண்டு முடிவதற்குள் 75-ஐத் தொடுகிறது. ஆகவே முதல் ஆண்டில் ஒரே துளை நிலைக்காது. இதற்கென்று தனியாக நாள் குறிப்பது யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்திலும் பிறகு ஒன்பது மாதத்திலும் ஒன்றரை வயதை ஒட்டியும் தடுப்பூசிக்கு எப்படியும் போகிறோம். ஊசி போட்டு வந்த அன்றே துளையையும் பார்த்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

சில இருக்கைகளில் தலைப்பகுதியை உயர்த்தினாலே வார்களும் கூடவே உயரும். மற்றவற்றில் வாரைக் கழற்றி மாற்ற வேண்டும். இருக்கையின் பின்பக்கம் இரண்டு தோள்வார்களும் ஓர் உலோகத் தகட்டில் மாட்டியிருக்கும். அங்கிருந்து விடுவித்து, முன்னால் இழுத்து, உரிய துளை வழியாக மீண்டும் பின்னால் செலுத்தித் தகட்டில் மாட்ட வேண்டும். இந்த வேலையை மின்விசிறிக் காற்றில் கூடத்தில் உட்கார்ந்து செய்யுங்கள், கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் வாசலில் செய்யாதீர்கள். இரண்டு வார்களும் ஒரே வரிசைத் துளையில் இருக்கின்றனவா, இரண்டின் நுனி வளையங்களும் தகட்டின் கொக்கிக்குள் முழுதாக இறங்கியிருக்கின்றனவா, வழியில் எங்கும் புரண்டுவிடவில்லையா என்று பார்த்த பிறகு, இரண்டு தோள்வார்களையும் முன்னாலிருந்து பலமாக இழுத்துப் பாருங்கள். நடுவாருக்கும் சில இருக்கைகளில் இரண்டு மூன்று இடங்கள் இருக்கும். எதைத் தேர்வது என்பதை அந்த இருக்கையின் கையேடு சொல்லும். குழந்தை நடுவாரின் மேலேயே உட்கார்ந்திருக்கும்படி ஆகிவிடக் கூடாது.

எவ்வளவு இறுக்கம்?

"ஏன்டா தம்பி, புள்ளைக்கு மூச்சு முட்டாதா? கொஞ்சம் தளர்த்தி விடு" என்று என் அம்மா ஒவ்வொரு முறையும் சொல்வார். பேத்தி மேல் உள்ள பாசத்தில் அப்பாயி சொல்வதை மறுத்துப் பேச எனக்கும் வாய் வராமல், ஒரு விரல் அளவு தளர்த்துவேன். வழியில் குழந்தை சிணுங்கினால் இன்னொரு விரல். அந்தத் தை மாதத்துத் தளர்வு அப்படித்தான் சேர்ந்தது.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வாரை இறுக்கிய பிறகு, குழந்தையின் காறை எலும்புக்கு அருகே தோள்வாரைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே மேலும் கீழுமாகக் கிள்ளிப் பாருங்கள். நாடாவில் மடிப்பு விழுந்து விரல்களுக்குள் சிக்கினால் இன்னும் தளர்வு இருக்கிறது. கிள்ள முடியாமல் விரல்கள் வழுக்கினால் போதிய இறுக்கம் வந்துவிட்டது. வார் சதைக்குள் பதிந்து தடம் விழுமளவு இழுக்கவும் வேண்டாம். தோளிலிருந்து இடுப்பு வரை தொய்வில்லாத நேர்கோடாக, உடலை அமுக்காமல் படிந்து கிடந்தால் அதுவே அளவு. மூச்சு விடுவதற்கு வயிறும் விலாவும் அசைய வேண்டிய இடம் அப்போதும் இருக்கிறது என்பதை அம்மாவின் கையையே குழந்தையின் வயிற்றில் வைக்கச் சொல்லிக் காட்டினேன். சமாதானம் ஆனார் என்று சொல்ல முடியாது, ஆனால் தளர்த்தச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

இறுக்கும் வரிசையும் முக்கியம். பலர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இழுப்பு வாரைப் பிடித்து ஒரே மூச்சில் இழுத்துவிட்டு, தோளில் இறுகிவிட்டது என்று திருப்தி அடைகிறார்கள். தோளில் இறுகியிருக்கும், தளர்வு முழுவதும் இடுப்பில் ஒளிந்திருக்கும். முதலில் விடுவிப்புப் பொத்தானை அழுத்தி வார்களை நன்றாகத் தளர்த்தி, பக்கிளை முன்பக்கம் எடுத்துப் போட்டுவிட்டு, குழந்தையின் பிட்டம் மூலை வரை படியும்படி உட்கார வையுங்கள். கைகளை வார்களுக்குள் நுழைத்துப் பூட்டுங்கள். பல இருக்கைகளில் வார்களில் கோத்திருக்கும் இரண்டு பூட்டு நாக்குகளையும் முதலில் ஒன்றோடொன்று சேர்த்துப் பிறகே பக்கிளில் செருக வேண்டும். 'டக்' என்ற ஓசை கேட்ட பிறகும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது நல்லது. அடுத்து, இடுப்பு வாரைத் தொடையின் மேல்புறம் தாழப் படிய வைத்து, அங்குள்ள தளர்வைத் தோள்பக்கமாக மேலே ஏற்றுங்கள். அதன்பின் தோள்வாரை நீவி மேலே தள்ளி, கடைசியாக இழுப்பு வாரை இழுங்கள். எழுதும்போது நீளமாகத் தெரியும் இந்த வேலைக்கு, பழகிய கைக்கு அரை நிமிடம் பிடிக்கும்.

வார் புரண்டு முறுக்கிக் கிடப்பது சிறிய குறை அன்று. அகலமான நாடா விரிந்து கிடந்தால் விசை அந்த அகலம் முழுவதிலும் பரவும். கயிறாகத் திரண்டுவிட்டால் அதே விசை ஒரு மெல்லிய கோட்டில் இறங்கும். தோளில் விழும் முறுக்கு கண்ணில் பட்டுவிடும். தொடைக்குப் பக்கத்தில், இருக்கையின் துணிக்கு அடியில் விழும் முறுக்குதான் மாதக்கணக்கில் தெரியாமல் கிடக்கும். பக்கிளின் நாக்கை மடித்துத் திருப்பி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு தோள்வார்களையும் இணைக்கும் பிளாஸ்டிக் கிளிப் சில இருக்கைகளில் இருக்கும். அமெரிக்காவில் வாங்கி வரும் இருக்கைகளில் அது நிச்சயம் காணப்படும். ஐரோப்பிய விதிப்படி செய்யப்பட்டவற்றில் பெரும்பாலும் இருக்காது. இல்லையே என்று பதற வேண்டாம், வெளியே வாங்கி மாட்டவும் வேண்டாம். இருந்தால் அது அக்குளின் உயரத்தில் நிற்க வேண்டும். தோள்வார்கள் தோளை விட்டு விலகாமல் வைத்திருப்பது மட்டுமே அதன் வேலை. வயிற்றில் தொங்கினால் வார்கள் தோளிலிருந்து அகன்று நழுவும், மென்மையான வயிற்றுறுப்புகளின் மேலும் அது அழுந்தும்; கழுத்தருகே ஏறினால் தொண்டையில் இடிக்கும்.

பட்டுப் பாவாடையும் அரைஞாணும்

வெளிநாட்டுக் கையேடுகள் பனிக்காலத்து மொத்தமான மேலங்கியைப் பற்றி எச்சரிக்கும். டெல்டாவில் பனி பொழிவதில்லை என்று அதைத் தள்ளிவிடத் தோன்றும். நம்மிடமும் அதற்கு நிகரானவை இருக்கின்றன. மார்கழிக் காலையில் கம்பளிச் சட்டையும் குல்லாவும் போடாமல் குழந்தையை வெளியே எடுக்க விடுவார்களா? மொத்தமான துணி, வாருக்கு அடியில் காற்றைப் பிடித்து வைத்திருக்கும். கைக்கு இறுக்கமாகத் தெரிவது உண்மையில் பஞ்சின் இறுக்கம். மோதலில் அது நசுங்கிப் போகும், நசுங்கிய அளவு தளர்வாக மாறும். ஐயம் இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம்: கம்பளிச் சட்டையோடு உட்கார வைத்து, கிள்ளிப் பார்த்து இறுக்குங்கள். வாரின் நீளத்தை மாற்றாமல் பக்கிளை மட்டும் அவிழ்த்துக் குழந்தையை எடுத்து, சட்டையைக் கழற்றிவிட்டு மீண்டும் உட்கார வைத்துப் பூட்டிப் பாருங்கள். வாருக்கு அடியில் எத்தனை விரல் போகிறது என்பதே விடை. குளிருக்கு மெல்லிய பருத்தி உடையில் பூட்டிவிட்டு, வாருக்கு மேலாகப் போர்வையையோ பழைய வேட்டியையோ போர்த்தினால் போதும்.

பட்டுப் பாவாடை இன்னொரு வகையில் தொல்லை. வைத்தீஸ்வரன் கோயிலுக்கு முடியிறக்கவோ சுவாமிமலைக்குக் காதுகுத்தவோ போகும்போது, வீட்டிலேயே பாவாடை சட்டை உடுத்தி, பூவும் வைத்து அழைத்துச் செல்லவே எல்லோரும் விரும்புகிறோம். விறைப்பான பட்டு தொடைகளுக்கு நடுவே சுருண்டு கூடி, நடுவாரைக் குழந்தையிடமிருந்து விலக்கி நிறுத்தும். வழவழப்பான துணியில் இடுப்பு வாரும் நிலைக்காமல் வயிற்றுக்கு ஏறும். பாவாடையை முன்னும் பின்னுமாக ஒதுக்கி, நடுவார் உள்ளுடைக்கு நேராகப் படியும்படி பூட்டலாம் என்றாலும், பருத்திக் கவுனில் அழைத்துப் போய்க் கோயில் மண்டபத்தில் உடை மாற்றுவதே சுலபம். பட்டும் கசங்காமல் இருக்கும் என்று சொன்னால் பெரியவர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள்.

எந்தக் கையேட்டிலும் காணாத ஒன்று அரைஞாண். வெள்ளிக் கொடியும் அதில் கோத்த தாயத்தும் சரியாக இடுப்பு வாரின் அடியில் வந்து உட்காரும். வார் இறுகும்போது அந்தத் தாயத்து எலும்பின் மேல் கல்லைப்போல அழுந்தும். கழற்ற வேண்டியதில்லை, பூட்டும் முன் கொடியை வாருக்கு மேலே ஏற்றி, தாயத்தைப் பக்கவாட்டுக்கு நகர்த்திவிட்டால் போதும். கழுத்துச் சங்கிலியைப் பயணம் முடியும்வரை பையில் வைத்திருப்பது நல்லது.

பச்சிளங்குழந்தையைத் துணியில் சுற்றியபடியே இருக்கையில் வைக்கக் கூடாது. கால்கள் பிரிந்திருந்தால்தான் நடுவாருக்கு இடம் இருக்கும். தலை இருபுறமும் சாய்ந்தால், மெல்லிய பழைய துணியை உருட்டித் தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே பக்கங்களில் வைக்கலாம். தலைக்குப் பின்னாலும், வாருக்கு அடியிலும், உடலுக்கு அடியிலும் எதையும் வைக்கக் கூடாது. இருக்கையோடு வராத தலையணை, தோள்வார் உறை, வார் பிடிப்பான் முதலியவை இணையத்தில் அழகழகாக விற்கின்றன. அந்த இருக்கை சோதிக்கப்பட்டபோது அவை அதில் இல்லை என்பதே அவற்றைத் தவிர்க்கப் போதுமான காரணம்.

ஒன்றரை, இரண்டு வயதில் குழந்தைகள் கையை வெளியே எடுக்கக் கற்றுக்கொள்கிறார்கள். ஊக்கு குத்துவது, துப்பட்டாவால் கட்டுவது போன்ற யோசனைகளைக் காதில் வாங்க வேண்டாம். அவசரத்தில் குழந்தையை ஒரே அழுத்தில் விடுவித்து எடுக்க முடிய வேண்டும். கை வெளியே வருகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இறுக்கத்தையும் துளையின் உயரத்தையும்தான். இரண்டும் சரியாக இருந்தும் எடுக்கிறாளென்றால், ஓரமாக நிறுத்தி, கையை உள்ளே வைத்து, பிறகு கிளம்புவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஒருநாள் திருவாரூர் வரை போக நான்கு முறை நிறுத்தினோம்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தைக்கான பாதுகாப்பு அமைப்போ இல்லாமல் காரில் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். இருசக்கர வாகனத்தில் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளை ஓட்டுநரோடு பிணைக்கும் பட்டையைப் பற்றி 2022-இல் தனி விதி வந்தது. அந்தப் பட்டை வேறு, இது வேறு. அதைக் கார் இருக்கைக்கு மாற்றாகப் பயன்படுத்த முடியாது.

இனி வாரைப் பேணுவது. வாரைக் கழற்றி வாஷிங் மெஷினில் போடவோ, வாளியில் ஊறவைக்கவோ, பிளீச் தெளிக்கவோ கூடாது; நாடாவின் இழைகள் வலுவிழக்கும். பால் கக்கியதையும் பிசுக்கையும் ஈரத்துணியில் சிறிது மென்மையான சோப்பு தொட்டுத் துடைத்து, நிழலில் உலர விடுங்கள். துணி உறையைத் துவைக்கக் கழற்றும் முன், வார்கள் எந்தத் துளை வழியே போகின்றன என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது குழப்பம் வராது. கத்திரி வெயிலில் நிறுத்திவைத்த காரில் பக்கிளின் உலோகம் குழந்தையின் தோலைச் சுடும். இறங்கும்போதே அதன்மேல் வெள்ளைத் துண்டு ஒன்றைப் போட்டு வையுங்கள், ஏற்றும் முன் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தால் தொட்டுப் பாருங்கள். நைந்த வார், சிராய்ப்பு விழுந்த ஓரம், பெரிய மோதலில் இருந்த இருக்கை, அடியில் பொறித்திருக்கும் காலாவதி ஆண்டைத் தாண்டிய இருக்கை ஆகியவற்றை யாருக்கும் கொடுக்காமல் வாரை வெட்டிவிட்டு அப்புறப்படுத்த வேண்டும். ஊரிலிருந்து ஊருக்கு, அக்கா பிள்ளையிடமிருந்து தங்கை பிள்ளைக்கு என்று இருக்கைகள் கைமாறுவது நம்மிடையே சாதாரணம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

பூம்புகார் கடற்கரைக்குப் போய் வந்த வாரத்தில் எங்கள் பக்கிள் 'டக்' என்று பூட்ட மறுத்தது. உள்ளே மணலும், கூடவே முறுக்குத் துணுக்கும். எண்ணெய் விட்டால் சரியாகும் என்று தையல் இயந்திர எண்ணெய்ப் புட்டியோடு வந்தார் அம்மா. எண்ணெய் மேலும் தூசியைப் பிடித்து உள்ளே கெட்டியாக்கிவிடும் என்பதால் தடுத்தேன். கையேட்டில் அனுமதி இருந்ததால், பக்கிளை மட்டும் வெதுவெதுப்பான நீரில் கவிழ்த்து ஆட்டி, உதறி, ஒரு நாள் முழுவதும் காயவிட்டோம். மறுநாள் மாலை அவரே நாக்குகளைச் செருகிப் பார்த்து, ஓசை கேட்டபின், தோள்வாரைக் கிள்ளியும் பார்த்தார்.